எந்தப் புறநானூறு?

நூற்பட்டியல் என்பது ஆய்வேடு முடிந்தபின், கடைசி வாரத்தில், தட்டச்சு செய்பவரிடம் சொல்லி ஒட்டவைக்கும் வால் என்று நம் கல்விப்புலம் உறுதியாக நம்புகிறது. குறிப்புகள் ஒருபக்கம் கிடக்கும், நூல்கள் ஒருபக்கம் கிடக்கும். இரண்டையும் இணைக்க ஆய்வாளரின் ஞாபகம் இருக்கிறதாம். இந்த ஏற்பாட்டை நான் ஒப்புவதற்கில்லை.

‘புறநானூறு, ப. 112’ என்றொரு குறிப்பு. எந்தப் புறநானூறு? உ.வே.சா. 1894இல் வெளியிட்டதா, ஔவை துரைசாமிப் பிள்ளையின் உரையோடு வந்ததா, உரையே இல்லாத மலிவுப் பதிப்பா? பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடும் இலக்கியத்தில், பதிப்பைச் சொல்லாத பக்க எண்ணால் யாருக்கு என்ன பயன்? இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. உரையாசிரியரின் வாக்கியமும் நம் வாக்கியமும் ஒரே கோப்பில் கலந்து கிடந்து, நான்காண்டு கழித்து அவருடையது நம்முடையதாகவே அச்சேறிவிடும். எழுதியவர் திருடர் அல்லர்தான். அச்சில் அதைப் படிப்பவருக்கு அந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

பரிகாரம் புதிதன்று. 1985இல் ஓரென் பட்டாஷ்னிக் எழுதிய பிப்டெக் நிரலிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் அடையாளச்சொல், ‘உவேசா1894’ என்பதுபோல. நூல்விவரம் முழுவதும் ஒரு கோப்பில் ஒரே முறை. அப்புறம் எங்கே குறிப்பெழுதினாலும் அச்சொல்லும் பக்க எண்ணும் கூடவே நிற்கவேண்டும், அவ்வளவே. சொல்லைத் தேடினால் அந்நூல் குறித்து நாம் எழுதிய அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும்.

‘நாங்கள் தமிழ் படித்தவர்கள், இது கணினிக்காரர் விளையாட்டு’ என்பார்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமன் கணினியைத் தொடாமலே ஏறத்தாழ 90,000 சீட்டுகளை எண்களால் பிணைத்தார். நூல்விவரத்துக்கென்றே தனிச் சீட்டுகளும் வைத்திருந்தார். அவருக்கு வேண்டியிருந்தவை காகிதமும் பேனாவும் ஒழுங்கும்.

இன்னொரு தரப்பு, விலைகொடுத்து வாங்கிய மென்பொருள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்கிறது. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் அடித்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்ததைக் கண்ட தலைமுறை இப்படிப் பேசலாமா? எந்தச் செயலியிலும் திறக்கும் ஒருங்குறி வெற்றுரைக் கோப்பில் எழுதுங்கள்.

ஆய்வு நெறியாளர்களிடம் ஒரு கோரிக்கை: மாணவர் முதல் இயலைக் கொண்டுவரும்போது குறிப்புக் கோப்பையும் திறக்கச் சொல்லுங்கள், ஏதேனும் ஒரு வரியில் விரல்வைத்து, இது எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், யாருடைய வாக்கியம் என்று கேளுங்கள்.