கண்ணுக்கு மீசையா என்று கேட்பவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் புனேயில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தேன். நான்காம் வகுப்புப் பேரன் மராத்தித் தேர்வுத்தாளை மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். ‘என் கண்’ என்பதற்கு ‘மாஜீ டோளா’ என்று எழுதி, சிவப்பு மை வாங்கியிருக்கிறான். அவன் அப்பா சிரித்தார். “கண்ணு ஆம்பளையாம் சித்தி! கண்ணுக்கு மீசையா இருக்கு? மராத்தி கொச்சை இந்திதானே, பாஸ் பண்ணினாப் போதும். விடுங்க.”

விட மாட்டேன். அந்தத் தவறே இந்தியால் வந்தது. இந்தியில் கண் பெண்பால், ‘மேரீ ஆங்க்’. பிள்ளை அதை அப்படியே தூக்கி மராத்தியில் வைத்துவிட்டான். மராத்தியில் டோளா ஆண்பால், ‘மாஜா டோளா’. நாக்கு பெண்பால், ‘மாஜீ ஜீப்’. இந்தியில் பெண்பாலான மூக்கோ இங்கே இரண்டுமில்லாத மூன்றாம் பால், ‘மாஜே நாக்’. ஒரே முகத்தில் மூன்று பால்! இந்தியில் இருப்பதே இரண்டுதான். இரண்டைக் கொச்சையாக்கினால் மூன்று வருமா? சமஸ்கிருதத்தின் மூன்று பாலையும் விடாமல் வைத்திருக்கும் மொழி மராத்தி. டோளாவில் வரும் ‘ள’ கூடப் பொது இந்தியில் கிடையாது. நமக்கு உண்டு.

மீசைக் கேள்விக்கு வருகிறேன். இலக்கணப் பால் உடம்பைப் பற்றியது அல்ல, சொல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைப் பற்றியது. ‘பாஷா’ போன்ற சமஸ்கிருதச் சொற்களைத் தள்ளிவிட்டால், ‘ஆ’வில் முடிபவை பெரும்பாலும் ஆண்பால். டோளா, பன்மையில் டோளே. களா (தொண்டை), பன்மையில் களே. ஒன்றைப் பிடித்தால் மற்றது தானே வரும்.

‘கண்ணில்’ என்றால் ‘டோளாத்’ அல்ல, ‘டோள்யாத்’. கூடவே ‘மாஜா’வும் ‘மாஜ்யா’ ஆகும். “இது என்ன கொடுமை” என்கிறீர்கள். ‘வயிறில் வலி’ என்று நீங்கள் எழுதியபோது சிவப்பு மையால் ‘வயிற்றில்’ என்று திருத்தியது யார்? நான்தான். வேற்றுமை உருபு சேரும்போது சொல்லின் உடல் மாறுவது நமக்குப் புதிதா? மரம் மரத்தில் ஆகவில்லையா? இதை மராத்தியில் ‘சாமான்யரூப்’ என்பார்கள். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் புரியும், சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தால்.

மகாராஷ்டிரப் பள்ளிகளில் மராத்தியைக் கட்டாயமாக்கி 2020இல் சட்டம் வந்தது. அதற்காகச் சொல்லவில்லை. மும்பையில் 31 ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்து அந்த மண்ணில் சோறு தின்றவள் நான். நம் மொழியை ஒருவர் கொச்சை என்றால் நமக்கு எப்படிக் கொதிக்கும்? பெரியவர்கள் சிரித்தால் பிள்ளை படிக்க மாட்டான், தாளைத்தான் ஒளிப்பான்.

இன்று ராத்திரி உங்கள் பிள்ளையின் முகத்தைத் தொட்டுக் கேளுங்கள்: மாஜா எது, மாஜீ எது, மாஜே எது? உங்களுக்குத் தெரியாவிட்டால் வெட்கம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள்.

உங்கள் தமிழ் டீச்சர்