மார்கழிக் குருவிகள்

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில், மார்கழிப் பனி விலகாத ஒரு காலையில், புல்விதை பொறுக்கிய பழுப்புக் கூட்டத்தைச் சிட்டுக்குருவிப் பேடுகள் என்றே நெடுநேரம் நம்பியிருந்த நான், தடித்த அலகையும், அருகே பனையோலையில் வெறுமையாக ஆடிய கூடுகளையும் கண்ட பிறகே, அவை தூக்கணாங்குருவிகள் என்று தெளிந்தேன். கூடு பின்னும் பருவத்தில் மஞ்சள் முடி தரிக்கும் ஆண், அது முடிந்ததும் அவ்வர்ணத்தை உதிர்த்துப் பேட்டின் எளிய கோலத்துக்கே திரும்பிவிடுகிறது. அந்த ஆடம்பரத்தைவிட இவ்வடக்கமே எனக்கு அதிக வாஞ்சையைத் தருகிறது. குருவியின் அடையாளம் அறியாமல் என்னைப் போலவே திகைத்தவர் முன்பும் உண்டு: பம்பாயில் பாலகனாக இருந்தபோது, தாம் சுட்ட குருவியின் கழுத்தில் மஞ்சள் தீற்றலைக் கண்டு, அது என்ன ஜாதி என்று விசாரிக்கப் புறப்பட்ட பறவையியலாளர் சாலிம் அலி, 1985-இல் வெளிவந்த தம் சுயசரிதைக்கும் அக்குருவியை நினைந்தே பெயர் சூட்டினார். திரும்பும் வழியில், அம்பத்தூர் மளிகைக் கடை வாசலில் சிந்திய அரிசியைக் கொத்திய இரு சிட்டுகளின் அலகை வெகுநேரம் நின்று பார்த்தேன்.