காலைத் தட்டில் ஒரு துண்டு கொய்யா

பெங்களூரு அடுகோடியில் கால்நடைகளுக்குக் குறை வைக்கவில்லை. ஓசூர் ரோட்டை ஒட்டி இருக்கும் தேசிய பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல வளாகம் 1923லிருந்து பசுக்களைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் இடம். 1927ல் மகாத்மா காந்தியே இங்கு வந்து மாடு வளர்ப்பு பற்றிப் பாடம் கேட்டுவிட்டுப் போனார். 1995ல் கால்நடைகளின் ஊட்டச்சத்துக்கென்றே இன்னொரு தேசிய நிறுவனமும் அடுகோடியில் வந்தது. ஒரு கறவை மாட்டுக்கு என்ன தாதுப்பொருள் எத்தனை கிராம் தேவை என்பதை அங்கே துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

சுற்றியுள்ள சந்துகளில் விடியும் காலை வேறு மாதிரி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து ஒலிக்கும் வீடுகளில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குக் கிளம்பும் அவசரம். இரண்டு வயதுக் குழந்தையின் கையில் ஒரு பிஸ்கெட், இல்லையென்றால் பன். அதை முக்கித் தின்ன அரை டம்ளர் டீ. அழுகை நிற்கும், வயிறும் ரொம்பியது போல இருக்கும். அடுகோடிக்கு மட்டுமே உரிய காட்சி அல்ல இது. சென்னை வியாசர்பாடியிலும் கோவை உக்கடத்திலும் இதே டம்ளர்தான்.

அந்த டம்ளரில்தான் விஷயம் இருக்கிறது. 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்நாடகத்தில் 65.5 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். மூன்றில் இரண்டு குழந்தைகள் என்பது நோய்க் கணக்கு போலவே தெரியவில்லை, ஊர் வழக்கம் போல ஆகிவிட்டது. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அதில் முக்கியமானது இரும்புச்சத்துக் குறைவு. முதல் இரண்டு வயதில் மூளை வேகமாக வளரும்போது இரும்பு குறைந்தால், பின்னால் எவ்வளவு டானிக் கொடுத்தாலும் இழந்தது முழுவதும் திரும்புவதில்லை.

இரும்பு சாப்பாட்டில் இருந்தால் மட்டும் போதாது, உடம்பு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுகோடிக்குப் பக்கத்திலேயே, கோரமங்கலாவில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் 2008ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இளம் பெண்களுக்கு அரிசிச் சாப்பாடு கொடுத்து, உடம்பில் சேரும் இரும்பை அளந்தார்கள். சாப்பாட்டோடு டீ குடித்தபோது அது பாதியளவுக்குச் சரிந்தது. வைட்டமின் சி சேர்ந்தபோது இரண்டு மடங்குக்கும் மேலே போனது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2013ல் வெளியிட்ட ஆய்வில் மாத்திரை கிடையாது. வளரிளம் பருவத்தினருக்குச் சோற்றோடு கொய்யாப்பழம் கொடுத்தார்கள். இரும்பு உறிஞ்சப்படுவது இரண்டு மடங்கைத் தாண்டியது.

கொய்யாவுக்கு ஏன் இந்த மவுசு? 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. பப்பாளியிலும் ஆரஞ்சிலும் 40 மில்லிகிராம் அளவில். ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் மரியாதையாக வாங்கிச் செல்லும் ஆப்பிளில் ஐந்து மில்லிகிராம் கூடத் தேறாது. ஆப்பிள் மோசமான பழமல்ல, ஆனால் அதன் விலை அதன் சத்துக்கான விலை அல்ல. தள்ளுவண்டிக் கொய்யாவில் நாலில் ஒரு துண்டு போதும், ஒரு சின்ன ஆரஞ்சின் வேலையைச் செய்துவிடும்.

ஆகவே பழம் எப்போது என்பது முக்கியம். மாலையில் தனியாகக் கொடுப்பது நல்லதுதான். ஆனால் காலை டிபனோடு சேர்த்துக் கொடுத்தால் ராகியில், அவலில், பயறில் இருக்கும் இரும்பு வீணாகாமல் உள்ளே போகும். டீயை நிறுத்துவது அதற்கு முதல் படி. பாலுக்கும் அளவு உண்டு. பால்வள நிறுவனத்தின் வாசலிலேயே சொல்ல வேண்டியிருக்கிறது: ஒரு வயது தாண்டிய குழந்தை நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடித்தால் சாப்பாடு இறங்காது, இரும்பும் குறையும்.

செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ராகி மாவை நீரில் கரைத்துக் கஞ்சியாகக் கிண்டி, இறக்கி ஆறியபின் ஏலக்கி வாழைப்பழம் ஒன்றை மசித்துக் கலந்தால் சர்க்கரை தேவைப்படாது. வாழையில் வைட்டமின் சி குறைவு என்பதால் பக்கத்தில் நாலு துண்டு கனிந்த பப்பாளி. கன்னட வீடுகளில் வாழைப்பழம், தேங்காய்ப்பால், வெல்லம், ஏலக்காய் சேர்த்துச் செய்யும் ரசாயனம் குழந்தைகளுக்கென்றே உண்டானது போன்ற பண்டம். வெல்லத்தைப் பாதிக்குக் குறைத்து, ஊறவைத்த அவலில் ஊற்றினால் பத்து நிமிடத்தில் டிபன் தயார். உப்புமா, எலுமிச்சை சாதம் என்று செய்கிறவர்கள் அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சையைப் பிழியட்டும். சூட்டில் வைட்டமின் சி அழிந்துபோகும். ஊறவைத்த பாசிப்பருப்பில் மாதுளை முத்து தூவிய கோசம்பரி நன்றாக மெல்லத் தெரிந்த பிள்ளைகளுக்கு. கொய்யாவின் கொட்டைதான் சிறு பிள்ளைகளுக்குத் தகராறு. நடுச்சதையை ஸ்பூனால் வழித்துவிட்டு ஓரச் சதையை மட்டும் மசிக்கலாம், ஒரு வயதுக்குள் என்றால் லேசாக ஆவியில் வேகவைத்து வடிகட்டலாம். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா மிருதுளா ரகத்துக்குக் கொட்டையே மெத்தென்று இருக்கும். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளம் குடலில் விஷமாகும். திராட்சையை முழுதாகக் கொடுப்பது ஆபத்து. நீளவாக்கில் நாலாக நறுக்க வேண்டும். சப்போட்டாவின் வழவழப்பான கறுப்புக் கொட்டையும் தொண்டையில் மாட்டும் ஜாதி. பச்சை ஆப்பிள் துண்டு கடினமானது, துருவியோ வேகவைத்தோதான் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டே தின்ன விடக்கூடாது.

ஜூஸ் விஷயத்தில் பெற்றோர் ஏமாறுவது அதிகம். ஒரு டம்ளருக்கு மூன்று நான்கு ஆரஞ்சு பிழிந்தால் நார் போய்ச் சர்க்கரைத் தண்ணீர் மிஞ்சும். ஒரு வயதுக்குள் ஜூஸே கூடாது, மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2017ல் வரம்பு கட்டியது. அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு வரும் மாம்பழ பானம் இன்னும் மோசம். இந்திய விதிப்படி அப்படிப்பட்ட பானத்தில் பழச்சாறு 10 சதவீதம் இருந்தால் போதும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து 'நூறு சதவீதப் பழச்சாறு' என்று விற்றதையும் 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் லேபிளிலிருந்து நீக்கச் சொன்னது.

பழத்தால் மட்டும் ரத்தசோகை தீராது என்பதும் உண்மை. அங்கன்வாடியில் கொடுக்கும் இரும்புச் சிரப், வாரம் இரு முறை ஒரு மில்லி, ஐந்து வயது வரை தொடர வேண்டும். பூச்சி மருந்தும் தவறக்கூடாது. வெளிறிய குழந்தையை டாக்டரிடம் காட்டாமல் கொய்யாவை நம்பி உட்கார்ந்திருப்பது அசட்டுத்தனம்.

பிள்ளை துப்பிவிடுகிறது என்று பல தாய்மார்கள் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள். புதுச் சுவை பிடிபட எட்டு, பத்து முறை கூட ஆகலாம். தட்டில் ஒரு சின்னத் துண்டு மட்டும் வைத்து, திணிக்காமல், வீட்டில் மற்றவர்களும் அதையே சாப்பிட வேண்டும். கறுத்துப்போய் யாரும் தொடாத வாழைப்பழம் கிடந்தால் கோதுமை மாவில் பிசைந்து ஊற்றி, சின்னச் சின்ன தோசையாகச் சுட்டு டப்பாவில் போடலாம். ஆறினாலும் மெத்தென்று இருக்கும், பால்வாடியில் பக்கத்துப் பிள்ளை கேட்டால் கொடுக்க இரண்டு சேர்த்தே சுடலாம்.