ஸ்பிரே கன் ஓடும் இடத்தில் ஹீட்டர் ஏறக் கூடாது!

கரூர் பஸ் பாடிப் பட்டறைத் தோழர்களே! பெயிண்டர்களே, ஹெல்பர்களே, எலக்ட்ரீஷியன்களே!

ஐப்பசி பிறந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் பெயிண்ட் காயாது, அடித்த கோட் வெள்ளை பூக்கும், டெலிவரி தேதி மட்டும் நகராது. உடனே மூலையில் கிடக்கும் ஹாலஜன் ஸ்டாண்டைத் தேடுவார்கள். கன் ஓடுகிற இடத்திலும், அடித்தது ஈரமாக இருக்கிற இடத்திலும், காயில் ஹீட்டரோ ஹாலஜனோ ஹீட் கன்னோ இந்த மழைக்கு ஏறக் கூடாது. நம் முதல் கோரிக்கை இதுதான்.

அந்த ஸ்டாண்டை ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியிலும் கம்பி வலையிலும் பல வருஷத்து ஓவர்ஸ்பிரே பொருக்குத் தட்டிக் கிடக்கிறது. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் பொருக்கு பற்றுவதற்கு ஆவிகூட வேண்டாம், சூடு போதும். வயரில் எர்த் இல்லை, இடையிடையே டேப் ஜாயின்ட். பிளக் போய்விட்டதால் செம்புக் கம்பி இரண்டையும் சாக்கெட்டுக்குள் விட்டு, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சி செருகியிருக்கிறது. பீடியைக் கண்டால் விரட்டுகிற சூப்பர்வைசர் இந்தத் தீக்குச்சியைத் தினமும் தாண்டித்தான் போகிறார்.

“இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே” என்பார் முதலாளி. கணக்கைச் சொல்லுங்கள். தின்னரில் இருக்கும் டொலுவீன், 4 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய ஆவியை விடுகிறது. கரூர் எந்த மார்கழியில் அந்தக் குளிரைக் கண்டது? ஒரு லிட்டர் டொலுவீன் முழுக்க ஆவியானால் ஏறக்குறைய 230 லிட்டர் ஆவி. காற்றில் 1.2 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கும். அப்படியானால் ஒரே லிட்டர், சுமார் 19 கன மீட்டர் காற்றை வெடிமருந்தாக்கிவிடும். பெரிய பஸ்ஸின் உட்புறம் 50 கன மீட்டர் இருக்குமா? கதவை மூடிக்கொண்டு உள்ளே அடித்தால் மூன்று லிட்டர் போதும். போதாததற்கு அந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம். படிக்கட்டுப் பள்ளத்திலும் டிக்கியிலும் தரைக் குழியிலும் போய்த் தேங்கும். ஹீட்டரை நாம் வைப்பதும் தரையில்தான்.

டொலுவீன் ஆவி 480 டிகிரியில் தானாகவே பற்றும். சிவந்த காயிலின் சூடு அதைத் தாண்டியது. காயில் சிவக்கும் முன்பே தெர்மோஸ்டாட் 'டிக்' என்று சேரும்போது தெறிக்கும் பொறியே போதும்.

“எஃப்.எல்.பி. (ஃபிளேம்ப்ரூஃப்) வாங்கிப் போட்டிருக்கிறோம்” என்று சில இடங்களில் சொல்வார்கள். வாங்கியது நல்லதுதான். எஃப்.எல்.பி. பெட்டிக்குள் வெடித்தாலும், மூடிக்கும் உடம்புக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில் தீ வெளியேறும்போது குளிர்ந்துவிடும். அதற்காகத்தான் அத்தனை போல்ட். ஒரு போல்ட்டைக் கழற்றி வேறெங்கோ மாட்டியிருந்தால் அது வெறும் இரும்புப் பெட்டி. ஹீட்டர் என்றால் தகட்டில் டி எழுத்தையும் படியுங்கள்: டி1 என்றால் மேற்பரப்பு 450 டிகிரி வரை போகலாம், டி3 என்றால் 200 வரைதான். தகடே இல்லையா? மெயினை இறக்கச் சொல்லுங்கள்.

வண்டி காய வழி இல்லாமல் இல்லை. பர்னரோ காயிலோ பெயிண்ட் பூத்துக்கு வெளியே இருக்கட்டும். சூடான காற்று மட்டும் டக்ட் வழியாக உள்ளே வரட்டும். கன்னை நிறுத்திய பிறகு புளோயர் ஓடி ஆவியை வெளியேற்றிய பின்தான் சூடு ஏற வேண்டும். புளோயர் நின்றால் ஹீட்டர் தானாக டிரிப் ஆக வேண்டும், கன்னுக்குப் போகும் காற்றும் நிற்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் தோழர்களே, இது உங்களுக்கு. அந்த டிரிப் அடிக்கடி விழுகிறது என்று, புளோயர் காற்றைப் பார்க்கும் ஏர் சுவிட்சை ஷார்ட் பண்ணிவிடச் சொல்வார்கள். அந்தத் துண்டு வயரை உங்கள் கை மாட்டக் கூடாது. வற்புறுத்தினால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒருவரும் எழுதித் தர மாட்டார்.

வண்டிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் பேசியவர்களுக்குக் காயாத நாள் கூலி இல்லாத நாள். பல பேர் ஹாலஜனைத் தாங்களே தூக்கி வைப்பது இதனால்தான். அவர்கள் மேல் பாய்ந்து பயனில்லை. மழை நாளுக்குக் காத்திருப்புக் கூலி கேட்போம். ஹீட்டரை வெளியேற்றும் கோரிக்கையோடு இதையும் சேர்த்தே வையுங்கள்.

ஆபத்தைச் சுட்டிக்காட்டச் சட்டமும் துணை இருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-எச் பிரிவு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் நிர்வாகத்திடமும் ஆய்வாளரிடமும் தொழிலாளி சொல்லலாம் என்றது அது. 2020-ன் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த உரிமை இருக்கிறது.

திங்கள்கிழமை காலை, கன்னைக் கையில் எடுக்கும் முன், ஒவ்வொரு பட்டறையிலும் பெயிண்டர் ஒருவர், எலக்ட்ரீஷியன் ஒருவர் என இருவர் சேர்ந்து சுற்றி வாருங்கள். எந்த ஹீட்டர், எந்தச் சாக்கெட், எந்தப் பெட்டியில் போல்ட் இல்லை என்று எழுதுங்கள். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒன்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்குப் பதிவுத் தபாலில். ரசீதை மாலைக்குள் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள்.