எந்த ஆற்றில் மிதந்தோம்?

சென்ற குளிர்கால விடுமுறையில் நம் சங்கத்து நண்பர்கள் பதினொருவர் கோலாடு சென்று, குண்டலிகா ஆற்றில் ரப்பர் படகு விட்டு வந்த செய்தியை, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய படங்களால் அன்பர்கள் அறிந்திருப்பீர்கள். படங்களில் நாங்கள் சிரித்துக் கொண்டிருக்கிறோம். துடுப்புகளை உயர்த்தி, போர் வென்று மீண்ட படையைப் போல நிற்கிறோம். படத்தில் விழாத செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் என் வீரத்தின் அளவைச் சொல்லி விடுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில், வீட்டு வாசலிலிருந்து கல்லெறி தூரத்தில் ஓடும் வாய்க்காலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் சாதகத்தில் நீரினால் கண்டம் என்று எவரோ சொல்லி விட்டாராம். அம்மா என்னை வாய்க்காலில் இறங்க விட்டதே இல்லை. “இயற்பியல் முதுகலை படிக்கிறாய், ஆர்க்கிமிடீஸ் விதி தெரியாதா?” என்று நண்பர்கள் கேலி செய்தார்கள். தெரியும். விதி தெரிந்தவரெல்லாம் மிதந்து விடுவதில்லையே!

விடியற்காலை நான்கு மணிக்குப் போபோடியிலிருந்து வண்டி புறப்பட்டது. பௌடு கடப்பதற்குள் அனைவரும் உறங்கி விட்டோம். இந்த உறக்கத்தை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருவேன். விழித்தபோது தாம்ஹினி மலைப்பாதையை இறங்கிக் கொங்கணத்துப் பசுமைக்குள் வந்திருந்தோம்.

ஆற்றங்கரைக்குப் போனால் ஆற்றைக் காணோம்! பாறைகளும், அவற்றிடையே கணுக்கால் அளவு நீரும்தான் கிடந்தன. “இன்னும் திறந்து விடவில்லை” என்றார் படகு வழிகாட்டி. எங்கள் வயதுடைய உள்ளூர் இளைஞர் அவர். கரையில் அமர்ந்து காத்திருந்தோம். சிறிது நேரத்தில் மேற்புறம் மெல்லிய இரைச்சல் கேட்டது. பாறைகள் ஒவ்வொன்றாக நனைந்தன, மூழ்கின. கற்படுகையாகக் கிடந்த இடம் கண்ணெதிரே ஆறாகி விட்டது.

மிதவைச் சட்டையின் வார்களை வழிகாட்டி இறுக்கினார். தலையில் கவசம் ஏறியது. படகில் இருபுறமும் அமர்ந்தோம். “முன்னே!” என்றால் துடுப்பு வலிக்க வேண்டும், “குனி!” என்றால் உள்ளே சரிய வேண்டும், இவ்வளவுதான் பாடம். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் ஓட்டம் அது. ஆறுகளின் சீற்றத்தை ஒன்று முதல் ஆறு வரை படி பிரித்துச் சொல்வது உலக வழக்கம்; குண்டலிகா இரண்டாம், மூன்றாம் படிகளில் அடங்குவது. ஆனால் முதன்முறை அமர்ந்தவனுக்கு ஆறாம் படியும் அதுதான். முதற் பாய்ச்சலில் படகின் மூக்கு கீழே போயிற்று. எதிரே வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து முகத்தில் அறைந்தது. நான் அலறியது தமிழில் என்று நண்பர்கள் சாட்சி சொல்கிறார்கள்.

அந்த வெள்ளை என்ன? விரைந்து வரும் நீர் பாறையைத் தாண்டி விழுந்து, கீழே மெதுவாகச் செல்லும் நீரோடு மோதித் துள்ளி எழுகிறது. அப்போது காற்றை வாரி விழுங்குகிறது. எண்ணற்ற குமிழிகள் ஒளியைச் சிதறடிக்க, நீர் வெள்ளையாகத் தோன்றுகிறது. வெள்ளை நீர் என்பது மூச்சு நிறைந்த நீர்.

அமைதியான பகுதி வந்ததும், விரும்புவோர் குதித்து மிதக்கலாம் என்றார் வழிகாட்டி. படகின் கயிற்றைப் பற்றியபடி நானும் இறங்கினேன். இருபத்து மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக ஓர் ஆறு என்னைத் தாங்கிற்று! அந்த மகிழ்ச்சியில்தான் கேட்டேன்: “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” அவர் சிரித்தார். “உங்கள் புனேத் தண்ணீர்தான், தாதா. முல்ஷியிலிருந்து வருகிறது.”

நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? போபோடியின் ஓரமாக, ஹாரிஸ் பாலத்தின் அடியில் மூக்கைப் பிடித்துக் கொண்டு நாம் கடக்கும் முளா ஆறு முல்ஷிப் பகுதியில் பிறப்பது. இயல்பாக அது கிழக்கே ஓடி, பீமாவிலும் கிருஷ்ணாவிலும் கலந்து வங்கக் கடல் சேர வேண்டும். முல்ஷியில் அணை கட்டிய டாட்டா மின் நிறுவனத்தார், அங்கே தேங்கும் நீரைச் சஹ்யாத்திரியைத் துளைத்து மேற்கே திருப்பினார்கள். ஏறக்குறைய 500 மீட்டர் கீழே பீரா மின் நிலையத்தில் அது விழுகிறது. 1927-இல் இயங்கத் தொடங்கிய நிலையம் அது. ஒரு கன மீட்டர் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால், இழப்புப் போக, ஏறக்குறைய ஒன்றே கால் யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஒரு மின்விசிறி பதினாறு மணி நேரம் சுழலும். மின்சாரம் பம்பாய்க்குப் போயிற்று. வேலை முடித்த நீர் குண்டலிகாவில் விடப்பட்டு அரபிக் கடலுக்குப் போகிறது. மழையற்ற மாதங்களிலும் அங்கே படகு விட முடிவது இதனால்தான்.

அந்த அணையின் நீருக்கு அடியில் மாவளரின் கிராமங்கள் கிடக்கின்றன. நிலம் இழக்க மறுத்த அவ்வுழவர்கள் 1921-இல் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். 1924 வரை போராடினார்கள். தலைமை தாங்கிச் சிறை சென்றவர் பாண்டுரங்க மகாதேவ் பாபட். ‘சேனாபதி’ என்னும் பெயர் அவருக்கு இப்போராட்டத்தில் வந்ததே. அவரும் ஒரு காலத்தில் இதே நகரில், டெக்கான் கல்லூரியில் மாணவராக இருந்தவர். அவர் பெயர் தாங்கிய சாலையில் நாம் நாள்தோறும் பேருந்தில் போகிறோம். அவர் யார் என்று கேட்டதில்லை. போராட்டம் தோற்றது, அணை எழுந்தது.

மாலையில் திரும்பும்போது நான் உறங்கவில்லை. காலையில் நாங்கள் குறட்டை விட்டுக் கடந்த இடம் அந்த ஏரிதான். அந்தி வெளிச்சத்தில் அழகாகவே இருந்தது. எனக்கு ஊர் நினைவு வந்தது. மேற்கே அரபிக் கடலுக்குப் போன பெரியாற்று நீரை 1895-இல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். அந்த நீரில் விளைந்த நெல்லே என்னை வளர்த்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் அவர் படம் தொங்குகிறது; பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். நல்ல நன்றிதான். ஆனால் அணை வேலையில் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலியான கூலியாட்களின் பெயர் எங்களில் எவருக்குத் தெரியும்? கொடுத்தவரைப் போற்றும் நாம், இழந்தவரை எண்ணிப் பார்ப்பதில்லை. திருப்பிய ஆற்றில் வளர்ந்தவன், இன்னொரு திருப்பிய ஆற்றில் பணம் கொடுத்து விளையாடி விட்டு வந்தேன்.

“அணையே கூடாது என்கிறாயா? இனி உல்லாசப் பயணமும் போகக் கூடாதா?” என்று அறை நண்பர் கேட்டார். இரண்டும் இல்லை. அணை இல்லையேல் என் ஊரில் சோறு இல்லை. நான் என்ன வாயால் மறுப்பேன்? கோலாடுக்கு மறுபடியும் போவேன், மற்றவர்களையும் அழைப்பேன். ஆனால் தாங்குகின்ற நீர் யாருடையது என்று அறியாமல் மிதப்பது, படித்தவர்க்கு அழகன்று.

போபோடியில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஒரு தமிழ்ப் பாட்டி. கட்கியில் வேலைக்கு வந்த குடும்பம். படங்களைக் காட்டினேன். “இதுக்கா தம்பி அவ்வளவு தூரம் போனீங்க? நான் வாக்கப்பட்டு வந்த புதுசுல இந்த ஆத்துலதான் குளிச்சோம்” என்றார். இன்று அதே கரையில் நிற்க முடிகிறதா? சாக்கடை கலக்கிறது, ஆகாயத் தாமரை மூடிக் கிடக்கிறது. பெருமழையில் அணைகள் திறந்தால் மட்டும் ஆறு தன் அளவுக்கு நிமிர்ந்து, கரையோரக் குடிசைகளுக்குள் நுழைகிறது. இங்கும் வெள்ளை நுரை உண்டு; அது சோப்பு நுரை. அங்கே மூச்சு நிறைந்த நீர். இங்கே மூச்சு முட்டும் நீர். ஓர் ஆற்றின் இரண்டு முகங்கள் இவை. ஒன்றுக்குப் பணம் கொடுக்கிறோம். மற்றொன்றுக்கு முகத்தைத் திருப்பிக் கொள்கிறோம். “இது நம் ஊர் ஆறு அன்று, நாம் வந்தேறிகள்” என்று சொல்லித் தப்ப முடியாது. வைகையும் பொருநையும் பற்றி மேடையில் முழங்குகிறோம். ஆனால் மூன்று ஆண்டுகளாக என் வீட்டுக் கழிவுநீரை ஏற்பது முளா அல்லவா?

ஆகவே சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஒன்று: அடுத்த பயணத்துக்கு முன் நீந்தத் தெரியாதவர் அனைவரும் நீச்சல் பழக வேண்டும். முதற் பெயர் என்னுடையது. இரண்டு: அப்பயணம் முல்ஷியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும், சத்தியாக்கிரக வரலாறு தெரிந்த மராத்தியப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்று கேட்க வேண்டும். மூன்று: மாதம் ஒரு ஞாயிறு போபோடிக் கரையில் நீர் எடுத்து, அதில் கரைந்துள்ள உயிர்வளியை அளக்க வேண்டும். மீன் வாழ்வதற்கு லிட்டருக்கு நான்கைந்து மில்லிகிராமாவது வேண்டும். வேதியியல் மாணவர்களுக்கு வின்க்ளர் முறை கைவந்த கலை. கண்ட எண்ணை மராத்தியிலும் தமிழிலும் எழுதிக் கரையிலேயே ஒட்டுவோம். அதனால் ஆறு தூய்மையாகி விடாது. ஆயினும் இங்கே ஓர் ஆறு ஓடுகிறது என்பதாவது நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

வரும் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் ஹாரிஸ் பாலத்தடியில் இருப்பேன். இரண்டு கண்ணாடிக் குப்பிகள் கொண்டு வருகிறேன். மூன்றாவது குப்பியை யார் கொண்டு வருகிறீர்கள்?