ஆயாவின் சுவரில் அறிவிப்பு எங்கே?



விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய தோட்டத்துத் தாய், அதற்கும் முன்னே எங்கே ஓடினாள்? ஆயாக்கொட்டகைக்கு! பிள்ளையைத் தொட்டிலில் போட்ட பிறகுதான் பால் வாளியைத் தூக்கினாள். ஆயா இல்லையேல் அன்று பால்வெட்டு இல்லை. ஆயினும் ஆயாவை ஒரு தொழிலாளியாக நாம் மதித்தோமா? மரம் வெட்ட முடியாத கிழவி என்றே எண்ணினோம்.

இன்று கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் போனாலும் ஆயா வேலை போகவில்லை. நம் பெண்கள் பிரிக்பீல்ட்ஸ் கடைவீட்டு மாடிகளிலும் கிள்ளான் வரிசை வீடுகளிலும் நடக்கும் பிள்ளைக் காப்பகங்களில் ஊராரின் குழந்தைகளை வளர்க்கிறார்கள்.

அத்தகைய காப்பகங்கள் சிலவற்றின் சுவர்களைப் பார்த்தோம். சமூக நல இலாகாவின் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வர் இருந்தாலே பதிவு வேண்டும். நல்லது. தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் என்ற அறிவிப்பும் பெரிய எழுத்தில் இருக்கிறது. பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கும் பெண்ணுக்காக அந்தச் சுவரில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை!

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60டி பிரிவுப்படி, ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்துடன் தரப்பட வேண்டும். அவற்றுள் ஐந்தை முதலாளி மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம், கிள்ளானில் சுல்தான் பிறந்தநாள் அல்லது பிரிக்பீல்ட்ஸில் கூட்டரசுப் பிரதேச தினம். மீதி ஆறும் எவை என்று ஆண்டு பிறக்கும் முன்பே எழுதி, வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

அந்த ஐந்தில் தீபாவளி இல்லை என்பதைக் கவனியுங்கள்! அது அந்த ஆறில் சேர்ந்திருக்கிறதா என்பதைச் சுவரிலுள்ள காகிதம்தான் சொல்லும். காகிதமே இல்லாத இடத்தில், அக்டோபர் மாதத்தில் “பார்க்கலாம், அம்மா” என்ற வாய்ப்பேச்சுதான் மிஞ்சும்.

வார ஓய்வு நாளும் இப்படியே. மாதம் தொடங்கும் முன் யாருக்கு எந்நாள் ஓய்வு என்று பட்டியல் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே நாளென்றால், அதை அறிவிப்பாக ஒட்டினாலும் போதும். 2023 ஜனவரி 1 முதல் 81எச் பிரிவு மற்றொரு கடமையைச் சேர்த்தது: பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பு எந்நேரமும் வேலையிடத்தில் தொங்க வேண்டும். மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு.

இந்தக் கடைசி அறிவிப்பு நமக்குப் புதிதல்ல. 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, தோட்டத்துப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் நாதன் நாடு கடத்தப்பட்டார். அந்தக் கோரிக்கை வெள்ளைத் துரைமாரை மட்டுமன்றி, அவர்களைப் போலவே அதிகாரம் செய்த ஆசிய உத்தியோகஸ்தரையும் சுட்டியது. கிராணிமாரான நாம் அதை மறந்துவிடலாகாது. 82 ஆண்டுகளுக்குப் பின்பே அது சுவரில் ஒட்ட வேண்டிய சட்டமாயிற்று. அந்தக் காகிதத்தையும் ஒட்டாமல் விடுவதா?

“இங்கே இரண்டு மூன்று பேர்தான், நாங்கள் ஒரே குடும்பம்” என்கிறார்கள் சில முதலாளிகள். தோட்டத்துத் துரையும் இதைத்தான் சொன்னார்! இரண்டு பேர் வேலை செய்தாலும் சட்டம் சட்டமே. “வீட்டில் நடத்துகிறோம், அவர் வீட்டு வேலையாள்” என்பதும் செல்லாது. கட்டணம் வாங்கி நடத்துவது தொழில். அதில் உழைப்பவரை வீட்டு வேலையாள் கணக்கில் சட்டம் சேர்ப்பதில்லை.

நம் வீட்டையும் பார்ப்போம். 1990ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்துக்கும் தரம் வகுத்திருக்கிறது. தோட்டத்தில் அறிவிப்புகளை ஒட்டுபவர்கள் கிராணிமாரான நாம்தான். ஆபீஸ் கதவுப் பலகையில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்கிறோம். ஆயா எப்போது ஆபீசுக்கு வருகிறாள்? கொட்டகையிலும் ஒரு பிரதி ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

ஆகவே கேட்கிறோம். முதலாளிகளே, ஆயா நிற்கும் அறையில் அறிவிப்புகளை ஒட்டுங்கள். தமிழ் மட்டும் படிப்பவருக்குத் தமிழிலும் எழுதுங்கள். தொழிலாளர் இலாகா அதிகாரிகளே, காப்பகங்களின் படியும் ஏறிப் பாருங்கள். தோழர்களே, பேரப்பிள்ளையை அழைக்கப் போகும்போது அந்தச் சுவரை ஒருமுறை பாருங்கள். வெறுமையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அங்கே வேலை செய்யும் பெண்ணைத் தனியே கேட்க விடாதீர்கள்.

ஆயாவும் தொழிலாளியே! அவள் உரிமை அவள் கண்முன் தொங்கட்டும்!