கண்ணாடித் தொட்டியில் விரால்

ஈஜிபுராவில் நம்மவர் வாழும் தெருக்களில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் இல்லங்கள் பல. தங்கமீனும் கப்பியும் வளர்த்துப் பழகிய இளைஞர் சிலர், நம் ஏரி குளங்களில் வாழும் விரால், குறவை, வாளை போன்ற வேட்டை மீன்களை வளர்க்கலாமா என்று நம்மை வினவுகின்றனர். இம்மாதம் அதற்கே விடை கூற எண்ணினோம். வளர்க்கலாம். ஆனால், அம்மீனின் ஆயுள் முடியும்வரை வைத்துக் காக்க நம்மால் இயலுமா என்பதை வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஆர்வத்தை நாம் குறை கூறவில்லை. வேலூர், தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பெரியவர்களுக்கு விராலை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஏரி வற்றும் கோடையில் சேற்றுக்குள் புதைந்து அது உயிர் பிழைப்பதை அவர்கள் அறிவார்கள். இங்கே பிறந்த குழந்தைகளோ அதனை மீன் கடையில் மட்டுமே காண்கின்றனர். ‘பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு’ என்று பாட்டி சொன்னால், விலாங்கையே பாராத பேரனுக்கு அது எவ்வாறு விளங்கும்? நாம் குடியேறியுள்ள இந்தக் கன்னட நாட்டிலும் மீனை ஆராய்ந்து அறியும் ஆர்வம் பழையதே. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், வடமொழியில் இயற்றிய ‘மானசோல்லாசம்’ என்னும் நூலில் மீன் வகைகளையும் அவற்றுக்கு இரையிடும் முறையையும் தூண்டில் விளையாட்டையும் விரித்துரைத்திருக்கிறான்.

முதலில் அளவைக் கவனிப்போம். விராலின் குஞ்சுகள் சிவந்த நிறமுடையவை, காண்போரை மயக்குபவை. அந்நிறம் வளர வளர மறைந்துவிடும். விரல் நீளக் குஞ்சு 2 அடிக்கு மேலும் வளரக்கூடியது. அதற்கு 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். அதில் ஏறக்குறைய 680 லிட்டர் நீர் கொள்ளும். நீரின் எடை மட்டும் 680 கிலோ. மாடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்பவர் இதனை எங்கே வைப்பது? குறவை சிறியது. அது ஒன்றுக்கு 3 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் உள்ள தொட்டி போதும். அதுவே 190 லிட்டர் ஆகும். வாளையோ 1 மீட்டருக்கும் மேல் வளர்வது. ஆறுகளில் அருகி வருவது. அதனை வீட்டில் வைக்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நன்று.

விராலுக்கும் குறவைக்கும் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் அறை ஒன்று உண்டு. அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்காவிடில், நீரில் வாழும் இம்மீன் நீரிலேயே மூச்சடைத்து இறந்துவிடும். ஆகவே தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் 4 அங்குலம் குறைத்து விடுக. அது துள்ளி வெளியே விழக்கூடியதாதலின், காற்றுப் புகும் மூடியின்மேல் பாரம் வைப்பது அவசியம். மின்சாரம் சற்று நேரம் நின்றாலும் அதற்கு மூச்சுத் திணறாது. அதுகொண்டு அழுக்கு நீரிலும் நலமாக வாழும் என்று எண்ணலாகாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா இம்மீனுக்கும் நஞ்சே. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதன் பின்னரே மீனை விடுக. வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுக. குழாயில் வரும் காவிரி நீரில் குளோரின் கலந்திருப்பதால், அதனை நீக்கிய பின்னரே ஊற்றவேண்டும்.

மண்புழு, தோலுரித்த இறால், மீன் துண்டு ஆகியவை ஏற்ற இரைகள். வளர்ந்த மீனுக்கு வாரத்தில் மூன்று நாள் இட்டால் போதும்; மிஞ்சியதை உடனே எடுத்துவிடுக. கடையில் வாங்கிய உயிர்மீனை இரையாக விடுவது வேடிக்கையாகத் தோன்றினும், அது நோயை வீட்டுக்கு அழைத்து வருவதாகும். வாயில் அடங்கும் எந்த மீனும் விராலுக்கு இரையே. ஆதலின் தொட்டிக்கு ஒரு மீனே தகும்.

இனித் தலையாய செய்தி. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துக் கிராஃப்டன் என்னும் ஊரில் ஒருவர், நோயுற்ற தம் சகோதரிக்குச் சூப் வைக்கவென்று விராலின் இனமாகிய சீன நாட்டு மீன்கள் இரண்டை நியூயார்க்கிலிருந்து வாங்கினார். சகோதரி அதற்குள் குணமடைந்துவிடவே, அவற்றை வீட்டுத் தொட்டியில் வளர்த்தார். தொட்டிக்கு அடங்காமற் போனதும் அருகிலிருந்த குளத்தில் விட்டார். 2002இல் அரசினர் அக்குளத்தில் நஞ்சிட்டுத் தேடியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகள் அகப்பட்டன. விட்டவை இரண்டே! அவ்வாண்டே விரால் இனங்கள் அனைத்தையும் உயிருடன் இறக்குமதி செய்வதை அமெரிக்க அரசு தடைசெய்தது.

நம் நாட்டிலும் இத்துன்பம் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியை அழிக்குமாறு மத்திய அரசு 1997இலேயே ஆணையிட்டும் அது நம் நீர்நிலைகளினின்றும் ஒழியவில்லை. முதலை வாயுடைய ‘அலிகேட்டர் கார்’ என்னும் அமெரிக்க மீன் ஒன்று 2023இல் காசுமீரத்துத் தால் ஏரியில் அகப்பட்டது.

‘விரால் நம் நாட்டு மீன்தானே, ஏரியில் விட்டால் என்ன?’ என்று கேட்போர் உளர். தொட்டியில் பற்றிய நோய் அதனுடன் ஏரிக்குச் செல்லும். எங்கோ பிறந்த மீன் இங்குள்ள சிறுமீன்களை உண்ணும். நம் ஏரிகளின் நிலையோ நாம் அறிந்ததே. திருவள்ளுவர் சிலை நிற்கும் அல்சூர் ஏரியில் 2016 மார்ச் மாதத்தில் மீன்கள் கூட்டங்கூட்டமாக இறந்து மிதந்தன. நலிந்த ஏரிக்கு நாமும் ஒரு சுமையை ஏற்றலாமா?

ஏரியிலிருந்து பிடித்து வருவதும் தகாது. விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாகக் காத்து வளர்ப்பது. தாய்தந்தையரைப் பிடித்துவிட்டால் அக்குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். பண்ணையில் பிறந்த குஞ்சையே வாங்குக.

வளர்க்க இயலாமற் போனால் மற்றொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். அல்லது வாங்கிய கடையிலேயே ஒப்படையுங்கள். தொட்டியில் மருந்து ஏதும் இடாதவராயின், விராலை என்ன செய்வதென்று நம் இல்லத்தரசியர்க்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் விடுவதைக் காட்டிலும் அது குழம்பாவது எவ்வளவோ மேல்.